வாங்காதவரின் கடன்

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் மார்க்கெட் ஸ்ட்ரீட், பினாங்கு ஸ்ட்ரீட், குவீன் ஸ்ட்ரீட் முதலிய தெருக்கள் கூடிய சிறு வட்டாரத்தைப் பெயர்ப்பலகைகள் லிட்டில் இந்தியா என்று குறித்தபோதிலும், நம்மவர்களில் வயது முதிர்ந்தவர்கள் கடைத்தெரு என்றே சொல்லி வருகிறார்கள். கெடாவிலும் செபராங் பிறையிலும் இருந்த ரப்பர்த் தோட்டங்களில் சம்பளம் போட்ட கையோடு, குழந்தை குட்டிகளை அழைத்துக்கொண்டு ஃபெரி ஏறி வந்து, 1833-ஆம் ஆண்டில் எழுந்த மாரியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டு, துணியும் பாத்திரமும் மளிகையும் வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் அக்கரை திரும்பிய குடும்பங்கள் புழங்கிய பெயர் அது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, 1985-இல் பாலமும் வந்து, அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றுகிற இந்நாளிலும், கல்யாணத்துக்கோ தீபாவளிக்கோ புடவை எடுப்பதென்றால் இந்தத் தெருவுக்குத்தான் வருகிறார்கள்.

அவ்வாறு வருகிறவர்களில் மென்மையான சுபாவம் உடையவர்களை ஒரு சங்கடம் பிடித்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். என்னையும் அது விட்டதில்லை. கடைப்பெண் ஒரு புடவையை எடுத்துப் போடுகிறாள், பிரிக்கிறாள், முந்தானையைத் தன் தோளின் மேல் சார்த்திக் காட்டுகிறாள், மனம் ஒப்பவில்லை, அடுத்ததைக் கேட்கிறோம், அதற்கடுத்ததையும் கேட்கிறோம், குவியல் உயர உயர, பிடித்த புடவை கிடைக்கவில்லையே என்ற கவலை மெல்லப் பின்னுக்குப் போய், இத்தனையையும் இந்தப் பெண் அல்லவா மறுபடி மடித்து வைக்கவேண்டும் என்ற எண்ணம் முன்னால் வந்து நிற்கிறது. அப்புறம் நாம் நிறத்தையும் பார்ப்பதில்லை, நெசவையும் பார்ப்பதில்லை. எப்படி எழுந்திருப்பது என்பதொன்றே யோசனையாகி, கடைசியில் தாட்சண்யத்துக்காக ஏதோ ஒன்றைக் கட்டச் சொல்லிவிட்டு, அது பீரோவிலேயே ஆயுளைக் கழிக்கப்போகிறது என்று தெரிந்தே, கல்லாவை நோக்கி நடக்கிறோம். இந்தச் சங்கடத்தைப் பலர் பலவீனம் என்கிறார்கள். 'காசு கொடுக்கிறவன் நான், காட்டவேண்டியது அவர்கள் கடமை' என்று வாதிக்கிற திடசித்தர்களும் உண்டு. அவர்களுடைய கட்சியில் நான் சேரமாட்டேன். எதிரே நிற்கும் மனுஷியின் களைப்பு நம் மனத்தில் தைக்கிறது என்பது நல்ல லட்சணமே. ஆனால் அந்த உணர்ச்சியைப் பணமாக மாற்றிக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறோமே, அங்கேதான் அது சேரவேண்டிய ஆளிடம் சேராமற் போகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஒரு பட்டுப்புடவையைப் பிரித்துக் காட்டுவதும் மடித்து வைப்பதும் சமமான காரியங்கள் அல்ல. பிரிப்பதற்கு ஒரு கணம் போதும். முந்தானையைப் பிடித்து ஒரு உதறு உதறினால் ஐந்தரை மீட்டரும் மேஜைமேல் ஓடிவிடும். மடிப்பது இரண்டு பேர் வேலை. கூட்டமுள்ள நாளில் இரண்டாவது ஆள் கிடைக்கமாட்டார் ஆகையால், கைதேர்ந்த பெண்கள் புடவையின் நடுவைத் தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டு, கைகளிரண்டையும் முடிந்தமட்டும் அகட்டி, கரையோடு கரை சேர்த்து இறக்குகிறார்கள். சரிகை வெளியே உரசாமல் உள்ளே போகும்படி திருப்புகிறார்கள். பழைய மடிப்புத் தடத்தின் மேலேயே புதிய மடிப்பும் விழுமாறு உள்ளங்கையின் ஓரத்தால் நீவுகிறார்கள். தடம் தப்பினால் பட்டில் இரட்டைக் கோடு விழும், அடுத்து வருகிறவர் பழைய சரக்கு என்று ஒதுக்கிவிடுவார். பிறகு அட்டையைச் செருகி, உறையிலிட்டு, நிறவரிசை கலையாமல் தட்டில் ஏற்றவேண்டும். நகைக்கடையில் இந்தப் பாரம் வேறு விதமானது. அங்கே மடிக்க ஒன்றுமில்லை. ஆனால் வெல்வெட் தட்டிலிருந்து 916 சங்கிலி ஒவ்வொன்றாக வாடிக்கையாளரின் கைக்குப் போகும்போதெல்லாம் பணியாளரின் கண்ணும் கூடவே போகவேண்டியிருக்கிறது. சிரித்துப் பேசிக்கொண்டே எண்ணிக்கை தவறாமல் காப்பது சாமானியமான பிரயாசை அல்ல.

மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு கடை. உறவினர் வீட்டுப் பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்காகப் போயிருந்தோம். பட்டர்வொர்த்திலிருந்து தினமும் வந்துபோகிற, நடுவயதைத் தாண்டிய ஓர் அம்மாள் எங்களுக்குக் காட்டினார். மாம்பழ மஞ்சள் வேண்டும் என்றாள் பெண், தாயாருக்கு அரக்கு, ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த ரவிக்கைத் துணியோ இரண்டுக்கும் பொருந்தாத ஒரு கரு ஊதா. குவியல் வளர்ந்தது. 'இவ்வளவு எடுத்துப் போடவெச்சிட்டோமே, ஒன்னாவது எடுக்காம எப்படிப் போறது' என்று தாயார் என் காதருகே முணுமுணுத்ததைக் கேட்ட அந்த அம்மாள், கையில் பிடித்திருந்த மடிப்பை விடாமலே சொன்னார்: "எடுக்காட்டிப் பரவால்லக்கா. பிரிக்கிறதும் மடிக்கிறதும்தானே நம்ம வேலை. எங்களுக்கு என்னா கஷ்டம்னா, ஒன்னும் சொல்லாம விருட்டுன்னு எழுந்து போயிருவாங்க பாருங்க, அப்பத்தான் மொதலாளி கேப்பாரு, ஏன் விட்டே, என்னாத்த சொன்னேன்னு. நமக்கு என்னா பதில் தெரியும்?"

அந்தச் சொற்களை நான் பின்னர் நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். நாம் கற்பித்துக்கொள்கிற குற்றம் ஒன்று. அவர் அனுபவிக்கிற கஷ்டம் வேறு. நம் மனம் மடிப்பு வேலையை எண்ணி வருந்துகிறது. அவரோ, பேசாமல் எழுந்துபோன வாடிக்கைக்காரருக்குத் தாம் ஜவாப்தாரியாக நிறுத்தப்படுகிற அந்தக் கணத்தைக் கண்டு அஞ்சுகிறார். தாட்சண்யத்துக்கு வாங்குகிற புடவை இந்த அச்சத்தைச் சற்று நேரம் ஒத்திப்போடுமே தவிர வேறொன்றும் செய்யாது. மலேசியாவில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. ஒரு மணி நேரம் காட்டவைத்த குற்றத்துக்குப் பரிகாரமாக நூறு வெள்ளிக்குப் புடவை எடுத்தோமானால், அந்த நூறு வெள்ளி கல்லாவுக்குப் போகிறது. அவருடைய மணிக்கூலி நாம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அதேதான். விற்பனையில் பங்கு கொடுக்கிற கடைகளும் உண்டென்றாலும், அந்தப் பங்கு நாம் மனத்தில் சுமந்துகொண்டு போகிற கடனுக்கு ஒருபோதும் ஈடாகாது. முதலாளிக்குக் கொடுத்துத் தொழிலாளியின் கடனைத் தீர்த்துவிட்டதாக நினைத்துக்கொள்வது, நாம் அறியாமலே அந்த மனுஷியைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவதாகும்.

அன்று அந்தத் தாயார் எழுந்திருக்கும்போது கல்லாவில் இருந்தவரிடம், "இந்தக் கலரு சேர்க்கைக்கு ஒன்னும் அமையலங்க, ரவிக்கைத் துணிய மாத்திட்டு வரோம். அந்த அக்கா பொறுமையா எல்லாத்தையும் காட்டினாங்க" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். இதற்கு ஒரு காசும் செலவில்லை. கேட்கப்படவிருந்த கேள்விக்குப் பதிலை அவர் முன்கூட்டியே கொடுத்துவிட்டார்.

வாங்காமலே பார்க்கலாம் என்ற உரிமை எல்லாக் காலத்திலும் இருந்ததல்ல. பாரிஸ் நகரத்தில் ஒரு காலத்தில் கடைக்குள் நுழைந்தவர் ஏதேனும் வாங்கியாகவேண்டும் என்பதே எழுதாத விதியாக இருந்தது. அரிஸ்தீத் பூசிகோ என்பவர் 1852-இல் பான் மார்ஷே என்ற கடையில் பங்காளியாகச் சேர்ந்து, நிர்ணய விலையும், யாரும் தாராளமாக உள்ளே வந்து பார்த்துப்போகலாம் என்ற அனுமதியும், பிடிக்காத சரக்கைத் திருப்பிக் கொடுக்கும் வசதியும் செய்தபோது, அது வாணிகத்தில் ஒரு புரட்சியாகவே கருதப்பட்டது. இவற்றில் ஒரு பகுதியை, ஜப்பானில் எடோ நகரத்து எச்சிகோயா துணிக்கடையில் மிட்சுயி குடும்பத்தார் 1673-லேயே தொடங்கிவிட்டார்கள்; பேரமில்லை, கடனில்லை, எல்லோருக்கும் ஒரே விலை என்பது அவர்களுடைய ஏற்பாடு. நம் பீச் ஸ்ட்ரீட்டில், கல்கத்தாவிலிருந்து கிளை பரப்பிய வைட்அவே லெய்ட்லா கம்பெனி வெள்ளைக்காரர்களுக்கென்று கடை வைத்தபோது இந்த நவீன முறையின் ஒரு சாயல் பினாங்குக்கும் வந்து சேர்ந்தது. வாடிக்கையாளருக்கு இது பெரிய விடுதலை, சந்தேகமில்லை. ஆனால் தாராளமாகப் பார்க்கலாம் என்று முதலாளி கொடுத்த அனுமதிக்கு விலை கொடுத்தவர் முதலாளி அல்லர். மேஜைக்குப் பின்னால் நாள் முழுவதும் நின்ற பெண்களின் கால்கள் கொடுத்தன. அந்தப் பாரிஸ் கடைகளைக் கண்டு எமில் ஜோலா 1883-இல் வெளியிட்ட நாவலில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே மின்னுகிற பட்டுகளை எவ்வளவு விஸ்தாரமாக வர்ணித்தாரோ, அவ்வளவு விஸ்தாரமாக விற்பனைப் பெண்களின் சோர்வையும் வர்ணித்திருக்கிறார்.

நம்முடைய பழைய கடைகளில் இந்த அநியாயம் இத்தனை இல்லை என்று தோன்றுகிறது. அதற்குக் காரணம் தயாள குணம் என்று சொல்லிவிட முடியாது, கடையின் அமைப்பே காரணம். ஜவுளிக்கடையில் வெள்ளைத்துணி விரித்த மெத்தை. அதன்மேல் காட்டுகிறவரும் அமர்ந்திருப்பார், பார்க்கிறவரும் அமர்ந்திருப்பார். பினாங்கு ஸ்ட்ரீட்டுக் கிட்டங்கிகளில் செட்டியார்கள் சிறிய சாய்மேஜையைப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தே லேவாதேவி நடத்தினார்கள். கடன் கேட்க வந்தவரும் தரையிலேதான் உட்கார்ந்தார். தோட்டத்து லயங்களுக்குச் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு போன வியாபாரியும் திண்ணையிலோ வாசற்படியிலோ குந்தித்தான் மூட்டையை அவிழ்த்தார். பெண்கள் சுற்றி உட்கார்ந்து, சீட்டித் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, பாதிப்பேர் ஒன்றும் வாங்காமலே எழுந்துபோவார்கள்; அவர் ஒரு டம்ளர் தண்ணீரோ காப்பியோ குடித்துவிட்டு அடுத்த லயத்துக்குப் போவார். அவர் பொழுதுக்கு அவரே எஜமானர். சௌராஸ்தா மார்க்கெட்டின் மாடியில் பழைய புத்தகம் விற்கிறவர்களிடமும் இந்த நிதானத்தைப் பார்க்கலாம். அரைநாள் நின்று புரட்டிவிட்டு வெறுங்கையோடு இறங்கினாலும் நமக்கு அத்தனை உறுத்தல் ஏற்படுவதில்லை. ஏனெனில் பெரும்பாலும் அங்கே உட்கார்ந்திருப்பவர் கடைக்கே சொந்தக்காரர், நாம் புரட்டுகிற நேரத்தில் அவர் தம் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறரிடம் விற்றுவிட்ட பொழுதைச் செலவழிக்கிற கூலியாள் எதிரே நிற்கும்போதுதான் இந்தக் குற்றவுணர்ச்சி தலைதூக்குகிறது. அந்த வித்தியாசத்தை நம் மனச்சாட்சி எவ்வளவு நுட்பமாகக் கண்டுகொள்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிற விஷயம்.

மெத்தை போய் உயரமான மேஜை வந்தது. வாங்குகிறவருக்கு நாற்காலி வந்தது. காட்டுகிறவருக்கு நிற்கும் விதி வந்தது. இங்கிலாந்தில் 1899-ஆம் ஆண்டிலேயே, கடைகளில் மூன்று பெண் பணியாளர்களுக்கு ஓர் இருக்கை என்ற விகிதத்தில் போடவேண்டும் என்று சட்டம் இயற்றினார்கள். இந்தியாவில் அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் பிடித்தது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில், தையற்கடைத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிய விஜி என்ற அம்மையார், கடைப்பெண்களைச் சேர்த்துக்கொண்டு 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் மூலம் போராடினார். ஜவுளிக்கடைகளில் நாள் முழுவதும் நிற்கவேண்டும், சுவரில் சாய்ந்தாலும் ஏச்சு, கழிப்பிட வசதி இல்லாமையால் தண்ணீர் குடிக்கவும் பயம் என்பதே அவர்களுடைய முறையீடு. 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையை வழங்கியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டசபையும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அதே திருத்தத்தைக் கொண்டுவந்தது. சென்னை ரங்கநாதன் தெருக் கடைகளின் வாழ்வை வசந்தபாலன் 'அங்காடித் தெரு' என்ற படத்தில் 2010-லேயே காட்டிவிட்டார்; சட்டம் அதன் பின்னால் பதினோரு வருஷம் நடந்து வந்தது.

தமிழ்நாட்டுத் திருத்தத்தின் கருத்து, வேலைக்கிடையே உட்காரச் சந்தர்ப்பம் வாய்க்கும்போதெல்லாம் பணியாளர் அதைப் பயன்படுத்திக்கொள்ளும்படி இருக்கை இருக்கவேண்டும் என்பது. சந்தர்ப்பம் எப்போது வாய்க்கும்? எதிரே வாடிக்கையாளர் இல்லாதபோது. ஆகவே நாம் படியேறி உள்ளே வந்த கணத்திலேயே அந்தச் சந்தர்ப்பம் முடிந்துவிடுகிறது. நாம் உண்மையில் எடுத்துக்கொள்வது அவருடைய ஓய்வை. சட்டம் கொடுத்த நாற்காலியிலிருந்து அவரை எழுப்புகிறவர்கள் நாம்தாம். இந்த நினைவு வந்தபின் வெறுமனே சங்கடப்பட்டுக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை. "நீங்களும் உட்காருங்கம்மா, உட்கார்ந்தே காட்டுங்க" என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிலர் கல்லாப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு உட்காருவார்கள். பலர் சிரித்துவிட்டு நின்றுகொண்டே இருப்பார்கள். அந்தப் பார்வை யாரை நோக்கிப் போகிறதோ அவரிடம் பேசவேண்டிய விஷயம் இது என்பதையும் அப்போது தெரிந்துகொண்டேன்.

விற்கிறவனுடைய தர்மத்தைப் பற்றி நம் இலக்கியம் நிரம்பப் பேசியிருக்கிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதே வாணிகம் என்ற கருத்தை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் அளவில் குறைக்காமலும் விலையில் மிகுக்காமலும் விற்றதைப் பட்டினப்பாலை போற்றுகிறது. வாங்குகிறவனுக்கும் ஒரு தர்மம் உண்டென்பதை நாம் ஏனோ பெரிதாக எண்ணுவதில்லை. பிடிக்குமோ பிடிக்காதோ என்ற மெய்யான சந்தேகத்தோடு ஒருவர் பத்துப் புடவை பார்த்துவிட்டுப் போனால் அதில் யாதொரு குற்றமும் இல்லை. பார்ப்பதற்காகத்தான் கடை திறந்திருக்கிறது. ஆனால் கைப்பேசியில் ஷோப்பி இணையக் கடையில் வாங்குவதென்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு, துணியின் கனத்தையும் நிறத்தையும் தெரிந்துகொள்வதற்காக மட்டும் கடைக்கு வந்து, ஒரு பெண்ணை ஏணியேற வைத்து உச்சித் தட்டிலிருந்து இறக்கச் சொல்லி, மறைவாகப் படமும் பிடித்துக்கொண்டு போவது வேறு ஜாதிக் காரியம். அங்கே அவருடைய நம்பிக்கையையே நாம் கூலியில்லாமல் எடுத்துக்கொள்கிறோம். இந்த இரண்டாவது வகையினருக்கு உறுத்தல் ஏற்படுவதில்லை. முதல் வகையினரோ உறுத்திக்கொண்டே இருக்கிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

காலை வேளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் போணி ஆகாத கடையில் பேரம் பேசி வாங்காமல் இறங்குவதை நம்மவர்கள் அபசகுனமாக நினைக்கிறார்கள். சீனர் கடைகளிலும் முதல் வாடிக்கையாளரைப் பற்றி இத்தகைய நம்பிக்கை உண்டு. அதில் எனக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும், சும்மா பார்க்கப் போவதென்றால் பத்தரை மணிக்கு மேல் போவது என்ற வழக்கத்தைக் கைவிட்டதில்லை. என் அவிசுவாசத்துக்காக ஒருவருடைய நாளைக் கெடுப்பானேன். அதேபோல் இரவில் கடை எடுத்து வைக்கிற சமயத்தில் போகக்கூடாது. பட்டர்வொர்த்துக்காரர்களுக்குப் பஸ்ஸும் ஃபெரியும் பிடிக்கவேண்டிய கவலை இருக்கிறது. பிரித்ததை மடித்து வைக்காமல் அவர்கள் புறப்பட முடியாது.

முதலாளிகளுக்கும் கஷ்டங்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. 1999 முடிவோடு வாடகைக் கட்டுப்பாடு அகன்றபின் பழைய கடைவீடுகளின் வாடகை எங்கேயோ போய்விட்டது. ஜவுளி, நகை, முடிதிருத்தம் ஆகிய தொழில்களுக்கு வெளிநாட்டு ஆட்களை எடுப்பதற்கு 2009 முதல் இருந்துவந்த தடையால் ஆள் கிடைப்பது அரிதாயிற்று. நான்கு பேர் செய்த வேலையை இரண்டு பேர் செய்கிறார்கள். 2008-இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபின், வேடிக்கை பார்த்துவிட்டு அஞ்சடி நடைபாதையோடு நடந்துபோகிறவர்களும் பெருகினார்கள். இவ்வளவு நெருக்கடியிலும் பல கடைகள் வாங்க வருகிறவர்களுக்காக நல்ல சோபா போட்டிருக்கின்றன, குளிர்ந்த தண்ணீர் கொடுக்கின்றன, சில காப்பியும் தருவித்துக் கொடுக்கின்றன. அந்த உபசாரத்தைப் பெற்றுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தபடி மேஜைக்கு மறுபக்கம் பார்த்தால், அநேகமாக ஒரு பிளாஸ்டிக் முக்காலி இருப்பது தெரியும். அதன்மேல் பிரிக்காத துணிக்கட்டுகள் அடுக்கியிருக்கும். அவற்றை வேறிடத்தில் வைக்கவேண்டும். வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி நேரம் அந்த இடத்தில் நிற்கிறவர்களுக்காக முதலாளிகளிடம் நான் கேட்பது இவ்வளவுதான், அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது கல்லாவில் அமர்ந்திருப்பவரிடம் இதை வாய்விட்டே கேட்பதாகவும் இருக்கிறேன்.